தினமும் எல்லை தாண்டுபவரின் சிம் கார்டு

லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றங்கரையில், ஷெங்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனியின் பெர்ல். அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல் பிரான்சின் அபாக். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் இந்த ஆற்றில் ஒரு படகில் அமர்ந்து, தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனையை எடுத்துவிடும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெர்லில் குடியிருந்து லக்சம்பர்க்கில் வேலை பார்ப்பவர் அன்றிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் சட்டைப் பையில் இருந்த கைபேசி, அந்தப் பாலத்தைத் தாண்டியதற்காக இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் சுங்கம் கட்டிக்கொண்டிருந்தது. 2017 ஜூன் 15 அன்றுதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் நீங்கியது. மனிதருக்குத் திறந்த கதவு அவர் குரலுக்கு ஏன் இத்தனை காலம் மூடியிருந்தது? தொலைவோ தொழில்நுட்பமோ இதற்குக் காரணமில்லை என்பதே என் வாதம். எப்போதாவது விமானம் ஏறி, அலுவலகக் கணக்கில் பேசுகிற ஒருவரை மனத்தில் வைத்து ரோமிங்கின் விலை கட்டப்பட்டது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் எந்தத் திட்டத்தை எடுப்பது என்று இன்றும் குழம்புவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அவரையும் கணக்கில் சேர்த்துத் தொடங்கியிருக்க முடியும் என்பதற்கு வட ஐரோப்பாவே சான்று. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளின் தொலைபேசித் துறைகள் 1969-இலேயே பொதுவான ஒரு நடமாடும் தொலைபேசி முறையை வடிவமைக்கப் பேச்சைத் தொடங்கின. 1981-82-இல் நான்கு நாடுகளிலும் ஓடத் தொடங்கிய என்எம்டி அமைப்பில், ஒரு நாட்டுச் சந்தாதாரர் அடுத்த நாட்டுக்குள் நுழைந்தாலும் அவரைத் தானாகவே தேடிப் பிடித்து அழைப்பைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே இருந்தது. இந்த நாடுகளுக்குள் 1954 முதலே பொதுவான வேலைச்சந்தை இருந்தது. ஒருவர் பக்கத்து நாட்டில் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. ஸ்வீடனின் ஹாபரண்டாவும் பின்லாந்தின் டோர்னியோவும் ஆற்று முகத்தில் தோளோடு தோள் ஒட்டிய இரட்டை ஊர்கள். எல்லை தாண்டுவது அன்றாடம் நடக்கும் காரியமாக இருந்த இடத்தில், தொலைபேசியும் அதை அன்றாடக் காரியமாகவே பார்த்தது. அதே காலத்தில் மற்ற நாடுகள் ஆளுக்கொரு வழியில் போயின. மேற்கு ஜெர்மனிக்கு ஒரு முறை, பிரிட்டனுக்கு வேறு, பிரான்சுக்கு வேறு. ஒரு நாட்டுக் கருவி அடுத்த நாட்டில் வெறும் சுமைதான்.

இந்தச் சிதறலைச் சரிசெய்யப் பிறந்ததே ஜிஎஸ்எம். 1982-இல் ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பு ஒரு குழுவை அமைத்தது. 1987 செப்டம்பர் 7 அன்று பதின்மூன்று நாடுகளின் சேவையாளர்கள் கோபன்ஹேகனில் கூடி, ஒரே தரத்தில் வலையமைப்பைக் கட்டுவதாக ஒப்பந்தம் செய்தார்கள். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி, டாம்பரே நகரத் துணை மேயர் கரீனா சுவோனியோவை அழைத்துப் பேசியது முதல் ஜிஎஸ்எம் அழைப்பு. அடுத்த ஆண்டே டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொழில்நுட்பம் செய்ய வேண்டியதை இவ்வளவு சீக்கிரம் செய்து முடித்துவிட்டது. சிம் அட்டைக்குள் இருக்கும் அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: பிரான்சுக்கு 208, ஜெர்மனிக்கு 262, லக்சம்பர்க்குக்கு 270, இந்தியாவுக்கு 404. எல்லையைத் தாண்டிய ஃபோன் புதிய டவரிடம் இந்த எண்ணைச் சொல்லும். அந்த வலையமைப்பு, சொந்த நாட்டு நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்டு, "இவர் உங்கள் ஆளா, பேச விடலாமா" என்று சரிபார்த்து, தன் விருந்தினர் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். சில நொடிகளில் முடிகிற காரியம். பேசியதற்கான கணக்கு பின்னர் கோப்பாகச் சொந்த நிறுவனத்துக்குப் போகும். இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பிரச்சினை முழுவதும் ஒளிந்திருக்கிறது.

தொடக்கத்தில், விருந்தினரைப் பேச விட்ட நிறுவனம் தன் உள்ளூர் விலையோடு நூற்றுக்கு 15 சேர்த்துச் சொந்த நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளும் முறை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அது மாறி, நிறுவனங்கள் தங்களுக்குள் தனியாக ஒரு மொத்த விலையை அறிவிக்கும் முறை வந்தது. தனி விலை என்றால் போட்டி வந்து விலை இறங்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. அக்காலத்து ஃபோன், எல்லைக்கு அப்பால் எந்த நிறுவனத்தின் அலை வலுவாக இருந்ததோ அதைப் பற்றிக்கொள்ளும். விலை குறைந்த நிறுவனத்தின் பக்கம் வாடிக்கையாளரைத் திருப்பிவிடும் வசதி சொந்த நிறுவனத்திடம் அநேகமாக இல்லை. ஆகவே மொத்த விலையைக் குறைக்கிற நிறுவனத்துக்கு ஒரு அழைப்புகூடக் கூடுதலாக வராது. குறைத்தால் நட்டம் மட்டுமே மிஞ்சும். பணம் கட்டுகிறவரோ அந்த மொத்த விலையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் வாடிக்கையாளராக இருப்பது வேறொரு நிறுவனத்திடம். பேரம் பேசுவதென்றால் யாரிடம் பேசுவார்? கட்டுகிறவரும் விலை வைக்கிறவரும் ஒருவரையொருவர் சந்திக்காத சந்தை அது. மேலும், அதிகம் பேசிய தொழில்முறைப் பயணியின் பில்லை அவர் கம்பெனி கட்டியது. விலையைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரு வாடிக்கையாளரை வைத்து வைக்கப்பட்ட விலை, சுளித்தே தீர வேண்டியவர் தலையிலும் விழுந்தது.

தினமும் எல்லை தாண்டுகிற அவர் நிலையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். பிரான்சின் தியோன்வில் ஊரில் குடியிருந்து லக்சம்பர்க் வங்கியில் வேலை பார்ப்பவருக்கு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் வெளிநாடு. பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், எடுத்ததற்கே அவர் காசு கட்ட வேண்டும். அழைத்த ஆசிரியைக்கு உள்நாட்டு விலை, அங்கிருந்து எல்லைக்கு அப்பால் கொண்டுசேர்த்த செலவு எடுத்தவர் தலையில். லக்சம்பர்க்கில் பக்கத்து மேசையில் இருக்கும் சக ஊழியரும் பிரெஞ்சு சிம் வைத்திருந்தால், இவர் அவரை அழைக்கும் அழைப்பு பிரான்சுக்குப் போய்த் திரும்பி வரும், இருவருக்கும் கட்டணம். எனவே அவர்கள் தங்கள் கைவேலையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஃபோன், அல்லது ஒரே ஃபோனில் மாற்றி மாற்றிச் செருகும் இரண்டு சிம். அந்தப் பக்கத்து எண்ணுக்கு ப்ரீபெய்டு, இந்தப் பக்கத்து எண்ணுக்கு மாதக் கட்டணம். எல்லையருகே வீடு இருந்தால், அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே ஃபோன் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி நிலையிலிருந்து கையால் மாற்றி வைத்தார்கள். இரண்டு எண்கள் இருந்தால் எந்த எண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். அக்கரை எண்ணைக் கொடுத்தால் வீட்டார் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். எல்லைக் கோடு குடும்பத்துக்குள்ளேயே ஓடியது. இவர்கள் அபூர்வமான சிறு கூட்டமும் இல்லை. இன்று லக்சம்பர்க்கின் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், வேறு நாட்டிலிருந்து தினமும் வருகிறவர்கள்.

நமக்கும் இது அறியாத கதை இல்லை. இந்தியாவில் கைபேசி உரிமங்கள் தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்துத் தரப்பட்டதால், ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்த்தவரும், கோவையிலிருந்து வாளையாறு தாண்டிப் பாலக்காடு போனவரும் சொந்த நாட்டுக்குள்ளேயே ரோமிங் கட்டினார்கள். வந்த அழைப்பை எடுப்பதற்கும் காசு போயிற்று. ஆனால் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போனவருக்கு அந்தத் தொல்லை இல்லை. புதுச்சேரி வேறு ஆட்சிப்பகுதியாக இருந்தும் தமிழ்நாடு வட்டத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. அதே யூனியன் பிரதேசத்தின் மாஹே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் சேர்ந்தன. கட்டணக் கோடு நிலத்தின் எல்லையைப் பின்பற்றவில்லை, உரிமப் பத்திரத்தின் எல்லையைப் பின்பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2015 மே முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ரோமிங்கில் வரும் அழைப்புக்கான உச்சவரம்பை நிமிடத்துக்கு 75 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நாட்டுக்குள் ரோமிங் கட்டணமே இல்லை என்று வந்ததும், மற்ற நிறுவனங்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தியாவில் போட்டிதானே இதைத் தீர்த்தது, அரசு தலையிடாமல் சந்தையிடம் விட்டிருந்தால் ஐரோப்பாவிலும் தீர்ந்திருக்காதா? இன்னும் வலுவான சான்று கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 2006 செப்டம்பரில் செல்டெல் நிறுவனம் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றையும் ஒரே வலையமைப்பாக அறிவித்தது. ஒரு நாட்டு வாடிக்கையாளர் அடுத்த நாட்டில் உள்ளூர் விலையில் பேசலாம், வரும் அழைப்புக்குக் கட்டணமில்லை, எந்த நாட்டு ரீசார்ஜ் அட்டையும் செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் ரோமிங் சட்டத்துக்கும் முந்தியது இது. எந்த ஒழுங்குமுறையாளரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்றபின் கேட்க வேண்டியது, அது ஏன் அங்கே நடந்தது என்பது. செல்டெல் மூன்று நாடுகளிலும் தானே சேவையாளராக இருந்தது. இரு நிறுவனங்களுக்கிடையிலான மொத்த விலை என்ற சுவர் அங்கே இல்லை. ஜியோவும் எல்லா வட்டங்களிலும் தன் சொந்த வலையமைப்போடு வந்தது. ஆனால் ஐரோப்பாவிலும் வோடஃபோன், ஆரஞ்ச், டி-மொபைல் போன்ற குழுமங்கள் பல நாடுகளில் கடை வைத்திருந்தனவே? வைத்திருந்தும் சுங்கத்தை எடுக்கவில்லை; 2005-இல் வோடஃபோன் கொண்டுவந்த சலுகைத் திட்டத்தில்கூட ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தொடக்கக் கட்டணம் இருந்தது. வேறுபாடு வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செல்டெல்லின் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் ப்ரீபெய்டு அட்டை வாங்குகிறவர்கள். விலை பிடிக்காவிட்டால் எல்லையில் அடுத்த சிம்முக்கு மாறிவிடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்க நிறுவனம் இறங்கி வர வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் லாபம் தந்தவர் கம்பெனிக் கணக்கில் பேசியவர். அவர் போகமாட்டார் என்று தெரிந்த இடத்தில் யாரும் இறங்கி வரவில்லை.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மென்மையான வழிகளையெல்லாம் முதலில் முயன்று பார்த்தது. 1999-இல் விசாரணையைத் தொடங்கியது. 2001-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நிறுவனங்களின் அலுவலகங்களில் திடீர்ச் சோதனை நடந்தது. 2005-இல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளத்தைத் திறந்து, வெளிப்படைத்தன்மையே விலையை இறக்கும் என்று எதிர்பார்த்தது. அடுத்த ஆண்டு ஆணையம் வெளியிட்ட ஒப்பீட்டில், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு நான்கு நிமிடம் பேச ஸ்வீடனில் இருக்கும் பின்லாந்துக்காரருக்கு 20 சென்ட், லாட்வியாவில் இருக்கும் மால்டாக்காரருக்கு 13 யூரோ 5 சென்ட். இரண்டையும் இணைக்கும் கம்பியின் நீளத்தால் இந்த இடைவெளியை யாரும் விளக்கிவிட முடியாது. எல்லை தாண்டுவதைப் பழக்கமாகக் கொண்ட இரண்டு நாடுகளுக்கிடையில் விலை தரையில் கிடந்தது. அரிதான பயணம் மட்டுமே உள்ள இணையில் அது மலையேறியிருந்தது. 2007 ஜூன் 30 முதல் சட்டம் வந்தது. பேசும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், எடுக்கும் அழைப்புக்கு 24 சென்ட், மொத்த விலைக்கு 30 சென்ட் என்று உச்சவரம்பு. நான்கு பெரிய நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 ஜூன் 8 அன்று சட்டம் செல்லும் என்றது. வரம்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. டேட்டாவுக்கான சில்லறை உச்சவரம்பு 2012-இல் மெகாபைட்டுக்கு 70 சென்ட், 2014-இல் 20 சென்ட். 2017-இல் கூடுதல் கட்டணமே போயிற்று.

செலவு உண்மையானதாயிற்றே, கணக்குத் தீர்ப்பதும் மோசடியைத் தடுப்பதும் இலவசமா என்று நிறுவனங்கள் கேட்டன. இலவசமில்லைதான். ஆனால் 30 சென்ட்டில் தொடங்கிய மொத்த விலை வரம்பு 2022-இல் நிமிடத்துக்கு 2.2 சென்ட்டாக ஆயிற்று, சேவை நின்றுபோகவில்லை. இதைவிட ஆழமான மறுப்பு, பயணம் போகாத ஏழை வாடிக்கையாளர் தலையில் பயணியின் செலவு விழும் என்பது. இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. உள்நாட்டில் டேட்டா மலிவாகவும் வரம்பில்லாமலும் கிடைத்த பின்லாந்தில், புதிய விதியால் தாங்க முடியாத நட்டம் வரும் என்று சில நிறுவனங்கள் முறையிட்டு, சிறு கூடுதல் கட்டணத்துக்கு விலக்கும் பெற்றன. எல்லை தாண்டும் தொலைபேசி பிறந்த மண்ணிலேயே அந்த விலக்கு தேவைப்பட்டது என்பது யோசிக்க வைக்கிறது. ஆனாலும் அந்த நட்டத்தின் மூலம், அவர்கள் அடுத்த நாட்டு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியிருந்த மொத்த விலைதான். 2017-இல் ஒரு ஜிபிக்கு 7 யூரோ 70 சென்ட் என்று இருந்த வரம்பு 2022-இல் 2 யூரோ, 2025-இல் 1 யூரோ 30 சென்ட் என்று இறங்கியபின் மறுப்பின் வலுவும் இறங்கிவிட்டது. சுவரைத் தகர்க்க வேண்டிய இடம் எப்போதும் அந்த மொத்த விலைத் தாள்தான்.

இவ்வளவு நடந்தும் தினமும் எல்லை தாண்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது. "வீட்டில்போல் வெளியிலும்" என்ற 2017-இன் விதி, அவ்வப்போது பயணம் செய்கிறவருக்கென்றே எழுதப்பட்டது. மலிவான நாட்டின் சிம்மை வாங்கி வேறு நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதைத் தடுக்க, நியாயமான பயன்பாடு என்றொரு வேலி அதில் உண்டு. நிறுவனம் நான்கு மாதப் பயன்பாட்டைப் பார்க்கலாம். இருப்பும் பயன்பாடும் பெரும்பாலும் வெளிநாட்டில் என்றால் எச்சரிக்கை அனுப்பி, பதினான்கு நாளுக்குள் நிலை மாறாவிட்டால் கூடுதல் கட்டணம் போடலாம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு காப்பு இருக்கிறது: ஒரு நாளில் ஒருமுறையாவது ஃபோன் சொந்த நாட்டு வலையமைப்பில் பதிவானால், அந்த நாள் முழுவதும் சொந்த நாட்டு நாளாகவே எண்ணப்படும். மாலையில் வீடு திரும்புகிறவருக்கு இது போதும். வாரம் முழுவதும் அங்கேயே தங்கி வெள்ளிக்கிழமை திரும்புகிறவர் வேலைச் சான்றைக் காட்டி, வேலை பார்க்கும் நாட்டிலும் சந்தா எடுக்கலாம். வரம்பற்ற டேட்டா திட்டமென்றால் வெளிநாட்டில் கிடைக்கும் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: வரி நீக்கிய மாதக் கட்டணத்தை மொத்த விலை வரம்பால் வகுத்து இரண்டால் பெருக்க வேண்டும். 30 யூரோ திட்டத்துக்கு 2017-இல் அது எட்டு ஜிபிகூட இல்லை. 2025-இல் 46 ஜிபி. இன்னொரு பொறி பலர் கண்ணில் படாமல் இருந்தது. ரோமிங் நீங்கியது என்றால் வெளிநாட்டுக்கு அழைப்பதும் இலவசம் என்று பொருளில்லை. பிரெஞ்சு சிம்மோடு லக்சம்பர்க்கில் இருந்து பிரான்சுக்குப் பேசினால் உள்நாட்டு விலை; அதே சிம்மில், வீட்டில் அமர்ந்து லக்சம்பர்க் மேலாளரை அழைத்தால் அது பன்னாட்டு அழைப்பு. 2019 மே 15 முதல்தான் அதற்கு நிமிடத்துக்கு 19 சென்ட் என்ற வரம்பு வந்தது. இரு பக்கமும் சமமாகப் பேசுகிறவர், சலுகைகளின் பட்டியலைவிட முதலில் இந்தத் திசையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றியத்தின் வேலிக்கு வெளியே கதை இன்னும் பழைய நிலையில்தான். பிரிட்டன் விலகிய பிறகு, அங்குள்ள நான்கு பெரிய நிறுவனங்களில் மூன்று ஐரோப்பிய ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் அயர்லாந்துக் குடியரசை மட்டும் விட்டுவைத்தன. வட அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து குடியரசின் டோனகலுக்குத் தினமும் போய்வருகிறவர்கள் அங்கே கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறார்கள். அவர்களிடம் சுங்கம் கேட்க யாருக்கும் துணிவில்லை. ஐரோப்பிய விதி 2032 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. எல்லையோர மக்கள் அறியாமலே அக்கரை டவரில் சிக்கிப் பணம் இழக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அது நிறுவனங்களிடம் தந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து அந்த விதிக்குள் வரவில்லை. ஜெனீவாவுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகவே 2019 டிசம்பர் 15 அன்று லெமான் எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஓடத் தொடங்கின. பிரான்சின் அன்மாஸில் ஏறினால் அரைமணிக்குள் ஜெனீவாவின் கொர்னவான் நிலையம். இரு நாட்டுக்கும் சேர்த்து லெமான் பாஸ் என்ற ஒரே சீட்டு முறை. அந்த ரயிலில் அமர்ந்திருப்பவரின் ஃபோன் வழியில் எங்கோ ஓரிடத்தில் பிரான்சின் 208-ஐ விட்டு சுவிட்சர்லாந்தின் 228-க்குள் போகிறது. அதற்கு எவ்வளவு என்பதை, அவர் எடுத்த திட்டத்தின் நிபந்தனைகளில் சுவிட்சர்லாந்து என்ற பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அது தீர்மானிக்கிறது.